வாத்து வரும் இங்கிலீஷ் படம்

போன மாதம் பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட் கொடுப்பதற்காகப் போர்ட் பிளேரில் எங்கள் பழைய ஆபீஸுக்குப் போயிருந்தேன். நான் உட்கார்ந்த மேசையில் இப்போது பாரதி என்ற பெண் இருக்கிறாள். திக்லிபூரில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் பார்த்த ஒரு படத்தின் பெயர் மறந்துவிட்டதென்று அன்றைக்கு அவள் தன் போனிடம் கதையைச் சொன்னாள். நான் டீயில் சர்க்கரையைக் கலக்கி முடிப்பதற்குள் பெயர், போஸ்டர், முழுப் படம் எல்லாம் வந்துவிட்டன.

"உங்க டைம்ல இப்படி யாராச்சும் கேட்டா என்ன பண்ணுவீங்க அங்கிள்?" என்றாள்.

கேட்டார்கள் அம்மா, கப்பல் ஏறித் தேடினோம் என்றேன். பாதிக் கதை சொல்வதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மீதியை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அதனால் எழுதுகிறேன்.

நான் படம் ஓட்டும் ஆபரேட்டர். தூத்துக்குடிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் எடுபிடியாகச் சேர்ந்து, கார்பன் குச்சி மாற்றக் கற்று, லைசென்ஸ் வாங்கி, அறுபதுகளில் அந்தமானுக்குக் கப்பல் ஏறினேன். அரசாங்க விளம்பரத் துறையின் நடமாடும் யூனிட்டில் வேலை. இந்தி தெரியாது. ஆறு மாதத்தில் தெரிந்தது. தெரியாவிட்டால் இங்கே உப்புகூட வாங்க முடியாது.

குடியேற்றக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் போவோம். திக்லிபூரில் பெங்காலிகள், கேம்பல் பேயில் பட்டாளத்திலிருந்து வந்த குடும்பங்கள், இடையில் எத்தனையோ தீவுகள். பதினாறு எம்.எம். மெஷின், பெட்ரோல் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், சுருட்டிய வெள்ளைத் திரை. மலேரியா, நெல் நாற்று, தடுப்பூசி என்று இரண்டு மூன்று சிறு படங்கள் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கதைப் படம். மொழி புரியாத படமாக இருந்தால் நானே மைக்கில் கதை சொல்வேன்.

கடல் காற்று பிலிமுக்கு எமன். பூஞ்சை பிடிக்கும். அதனால் ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் பிலிம் முழுவதையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மெதுவாகச் சுற்றினால், கிழிசல் இருக்கும் இடத்தில் விரலில் சுருக்கென்று படும். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, சுரண்டி, ஒட்டி, மேலே போக வேண்டும். மெஷினில் பிலிம் விளக்குக்கு முன்னால் நுழைந்து போகும் கேட்டைத் துணியால் துடைத்து, பிலிமைத் தளர்வாக வளைத்து லூப் சரியான அளவுக்கு விட்டு, பிறகுதான் விளக்கு.

எங்கள் அதிகாரி தத்தா சாஹிப். டாக்காவிலிருந்து பிரிவினையில் வந்தவர். தடித்த கண்ணாடி, எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் என்ன சொன்னாலும் முழுவதும் கேட்டுவிட்டு "ஃபிர்?" என்பார். அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம். மெஷின் ரிப்பேர் என்றாலும் "ஃபிர்?" தான், வீட்டில் காய்ச்சல் என்றாலும் "ஃபிர்?" தான். சொல்லச் சொல்ல நமக்கே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். காட்சி நடக்கும்போது அவர் நாற்காலியில் உட்கார மாட்டார். ஜனங்களோடு தரையில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது ஏதாவது கேட்டால் அதை ஒரு கட்டளை மாதிரி எடுத்துக்கொள்வார்.

கச்சால் தீவில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழர்களைக் கொண்டு ரப்பர் போட்டிருந்தார்கள். அங்கே நாங்கள் முதன்முதலில் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். கப்பல் தூரத்தில் நிற்கும். பெட்டிகளைப் படகில் இறக்கி, மார்பளவு தண்ணீரில் தலையில் சுமந்து கரை சேர்த்து, டிராக்டரில் ஏற்றிப் போக வேண்டும். ஒரு தமிழ்ப் படம் போட்டோம். தீவே சந்தோஷப்பட்டது.

மறுநாள் காலையில் விருந்தினர் குடிலுக்கு ஒருவர் டீ கொண்டுவந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, காக்கி அரை டிரவுசர், படிய வாரிய தலை. தட்டை மேசையில் வைத்து, கோப்பையின் காது தத்தா சாஹிப்பின் வலது கைப் பக்கம் வரும்படி திருப்பிவிட்டு, ஓர் அடி பின்னால் போய் நின்றார். ரப்பர் பால் வெட்டுகிறவர்களில் அப்படி யாரும் டீ கொடுத்து நான் பார்த்ததில்லை. விசாரித்தேன். பெயர் வேலாயுதம். மலைநாட்டில் துரைமார் கிளப்பில் அப்புவாக, அதாவது சமையல்கட்டு ஆளாக, இருந்தவர். ஓர் இங்கிலீஷ் படம் கொண்டுவர முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

என்ன படம் என்று கேட்டேன்.

"பேரு தெரியாதுங்க தம்பி. ஒரு வாத்து வரும்."

கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அவர் மனைவி செல்லம்மாவும் அந்தக் கிளப்பில் பார்த்த படம். அந்த அம்மாள் அப்போது ஒரு துரை வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆயா. சனிக்கிழமைகளில் துரைசாணியோடு கிளப்புக்கு வருவார். படத்தில் ஒரு பணக்காரப் பெண்ணும் படம் வரைந்து பிழைக்கும் ஒரு ஏழைப் படக்காரனும் ஒரே வீட்டுக்கு வாடகை கொடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். இரண்டு பேரும் போக மாட்டேன் என்பார்கள். வீட்டின் நடுவே சுண்ணாம்பால் கோடு போட்டு ஆளுக்குப் பாதியாக இருப்பார்கள். அந்த வீட்டு வாத்து மட்டும் கோட்டைத் தாண்டித் தாண்டி நடக்கும். அந்தப் பெண்ணுக்கு வேறொரு பணக்காரனோடு நிச்சயம் ஆகியிருக்கும். கடைசியில் அவள் அவனோடு கப்பல் ஏறிவிடுவாள். படக்காரன் வாத்தைத் தூக்கிக்கொண்டு மோட்டாரில் துறைமுகத்துக்குப் பறப்பான்.

இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "ஃபிர்?" என்றார் தத்தா சாஹிப்.

"அவ கப்பல விட்டு எறங்கி ஓடி வந்துருவாங்க தொர" என்றார் வேலாயுதம். சட்டென்று கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செல்லம்மாவையும் பார்த்தோம். அதிகம் பேசாதவர். படத்தில் அந்தப் பெண் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. நாயகன் இடது கையால் படம் வரைவான் என்றார். மோட்டாரில் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவான், பக்கத்து சீட்டில் வாத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வரும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, எப்படியாவது ஒரு தடவை கொண்டுவாருங்கள் தம்பி, அவருக்குப் பார்க்க வேண்டும் என்றார். தனக்கு என்று சொல்லவில்லை. அது அப்போது என் மனதில் படவில்லை.

திரும்பும் கப்பலிலேயே தத்தா சாஹிப் முடிவுக்கு வந்துவிட்டார். வலது பக்கம் உட்கார்ந்து கார் ஓட்டினால் அது பிரிட்டிஷ் படம். அமெரிக்காவில் இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். ஆகவே இங்கிலாந்துப் படம், இடது கைப் பழக்கமுள்ள நடிகர், ஒரு வாத்து. இவ்வளவு தெரிந்தபின் கண்டுபிடிக்க என்ன கஷ்டம் என்றார்.

அடுத்த ஒரு வருஷம் போர்ட் பிளேருக்கு வந்த எந்தப் படித்த மனிதரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடற்படை அதிகாரிகள், பாதிரியார், ஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார், மெயின்லேண்ட் கப்பலின் கேப்டன். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக் கதையைச் சொல்வார். வாத்து வரும் இடத்தில் தானே கழுத்தை நீட்டிக் காட்டுவார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு படம் சொன்னார்கள். கலங்கரை விளக்கங்களைச் சோதிக்க வந்த ஒரு என்ஜினியர் முழுக்கதையும் தனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தார். முடிவில் அது அன்னப்பறவை என்றும், கதாநாயகி செத்துப்போவாள் என்றும் தெரிந்தது. கல்கத்தாவிலிருந்து ஒரு பிரிட்டிஷ் படத்தை வாடகைக்கு வரவழைத்து ஆபீஸ் சுவரில் ஓட்டினோம். அதில் வாத்து இருந்தது. ஐந்தாவது நிமிஷத்தில் ஒருவர் அதைச் சுட்டுவிட்டார். மீதிப் படம் முழுவதும் நாய். தத்தா சாஹிப் மரியாதையாகக் கடைசிவரை பார்த்துவிட்டு, நாய் நன்றாக நடித்திருக்கிறது என்றார்.

மறுபடி கச்சாலுக்குப் போனபோது எங்களிடம் வாத்துப் படம் இல்லை. வேலாயுதத்திடம் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. பரவாயில்லை தம்பி, பழைய படம், எங்கே கிடைக்கப்போகிறது என்று என்னையே சமாதானப்படுத்தினார்.

அன்று சாயங்காலம் தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டினோம். காற்று இருந்தது. முதல் சிறுபடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஒரு மூலைக் கயிறு தளர்ந்தது. அதை இறுக்கத் திரைக்குப் பின்னால் போனேன். அங்கே புல்லில் செல்லம்மா தனியாக உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஏன் அம்மா உட்கார்ந்தீர்கள், முன்னால் இடம் இருக்கிறதே, இங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுமே என்றேன்.

"எனக்கு எழுத்து தெரியாது தம்பி, எப்படித் திரும்புனா என்ன. கிளப்புலயும் நாங்க இந்தப் பக்கந்தான் உக்காருவோம். முன்னால தொரமாருக. திரைக்குப் பின்னாடி சமையக்கட்டுக் கதவு. அங்கேருந்து பாத்தே பழகிப்போச்சு."

கயிற்றைப் பிடித்தபடி திரையைப் பார்த்தேன். விவசாய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்துகொண்டிருந்தார். ஜீப்பின் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. நம் ஊர் ஜீப். அதே படத்தை நான் நூறு தடவை ஓட்டியிருக்கிறேன். திரைக்கு முன்னாலிருந்து பார்த்தால் வலது பக்கம்.

கயிற்றை எப்படிக் கட்டினேன் என்று தெரியாது. ஜனங்களுக்கு நடுவே குனிந்து போய் தத்தா சாஹிப்பைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அந்த இடத்தில் நிறுத்தினேன். ஜீப்பைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். எத்தனை பேரைக் கேட்டோம், இவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் இவர்களைக் கேட்கவே இல்லையே என்றார். கார் இடது பக்கம், நாயகன் வலது கைக்காரன், படம் அமெரிக்கப் படம். செல்லம்மாவும் கையால் வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் புறப்படும்போது வேலாயுதம் மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைவரை வந்தார். இனிமேல் கிடைத்துவிடும் என்று நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் மணலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தத்தா சாஹிப் தூரத்தில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

"தம்பி, படம் கெடச்சா கொண்டாங்க. கடைசி ரீலு மட்டும் அறுந்துபோச்சுன்னு சொல்லிருங்க."

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் நடந்ததைச் சொன்னார்.

செல்லம்மாவுக்கு அவர் மாமா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ஒரு கங்காணியின் மகனைப் பேசி முடித்துவிட்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை, சமையல்கட்டு வாசலில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேலாயுதம் தைரியம் வந்து கேட்டுவிட்டார். என்னைக் கட்டிக்கொள்வாயா என்று. செல்லம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், படத்தில் இந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று பார்ப்போம் என்றாராம். அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதது; செல்லம்மா தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் மலையூற்றுத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, முடிவு என்ன ஆச்சு என்று கேட்டார். கப்பலைவிட்டு இறங்கி ஏழையிடம் ஓடி வந்துவிட்டாள் என்று வேலாயுதம் சொன்னார். அன்றைக்கே செல்லம்மா மாமாவிடம் போய் எனக்குக் கங்காணி மகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நான் முடிவ பாக்கவே இல்ல தம்பி. என்னையும் பார்ல கூப்புட்டுட்டாங்க. நானா சொன்னதுதான். கங்காணி வீட்டுக்குப் போயிருந்தா அவ இன்னிக்கு ராணி. இங்க வந்து அட்டைக்கடியில பால் வெட்டுறா."

படகு வந்துவிட்டது. நான் ஏறினேன்.

கப்பலில் தத்தா சாஹிப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரகசியம்தான், ஆனால் தனியாக அதைச் சுமக்க எனக்குத் தெரியவில்லை. கடைசி ரீலில் ஓர் அங்குலத்தைக் கிழித்துவிடுவது பெரிய காரியமில்லை. எனக்கு அதில் மனசும் இருந்தது.

"பூரா திகாவோ. மகர் பஹ்லே உஸ்கோ பதா தோ" என்றார் தத்தா சாஹிப். முழுவதும் காட்டு, ஆனால் முடிவை முதலில் அந்த ஆளிடம் சொல்லிவிடு. அதோடு எழுந்து உள்ளே போனார்.

படம் கிடைத்தது மெட்ராஸில். ஊருக்குப் போக விடுமுறை எடுத்திருந்தேன். வழியில், பழைய படங்களை வாடகைக்கு விடும் ஒரு டிப்போவுக்குப் போனேன். பிலிம் சோதிக்கும் மேசையில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் இருந்தார். எல்லாரும் மிஸ் டோரதி என்றார்கள். சுண்ணாம்புக் கோடு என்றவுடனேயே கையிலிருந்த ரீலை வைத்துவிட்டார். கோட்டைத் தாண்டும் வாத்து என்றதும் எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து தகர டப்பாக்களைத் தூசியோடு எடுத்து வந்தார். படத்தின் பெயரில் வாத்தும் இல்லை, கப்பலும் இல்லை. ஏதோ ஒரு தெருவின் பெயர். பட்டியலைப் பார்த்து நாங்கள் ஆயுள் முழுவதும் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

ஆனால் அந்தப் பிரிண்ட் கழித்துக் கட்டியது. வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டிருந்தது. இதைக் கடல் தாண்டி அனுப்ப முடியாது, முதல் ரீலிலேயே மெஷினைக் கெடுத்துவிடும் என்றார். நான் உட்கார்ந்து சரிசெய்கிறேன் என்றேன். என் விரலை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நகம் வெட்டியிருந்தது, நுனி காய்த்திருந்தது. ஒரு பழைய நாற்காலியைக் காட்டினார்.

விடுமுறையில் பாதி அந்த நாற்காலியில் போயிற்று. பிலிமின் ஒரு ஓரத்தில்தான் ஓட்டைகள் இருக்கும். அவற்றில் கிழிந்தவற்றை முதலில் சரிக்கட்ட வேண்டும். நைந்துபோன துண்டை வெட்டி எடுக்கும்போது பேச்சின் நடுவில் வெட்டு விழாதபடி பார்க்க வேண்டும். பேசி முடித்து வாய் மூடும் இடமாகத் தேடி வெட்டுவேன். பிறகு மேல்பூச்சைப் பிளேடால் மெல்லிய கோடாகச் சுரண்ட வேண்டும். அதிகம் சுரண்டினால் பிலிம் முறியும், குறைவாகச் சுரண்டினால் ஒட்டாது. பிலிம் ஒட்டும் பசையான சிமெண்டில் ஒரு சொட்டு தடவி, அழுத்திப் பிடித்து, மூச்சு விடாமல் காத்திருந்து, இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். கடைசி ரீல்தான் மோசம். கிளப்புக் கிளப்பாகச் சுற்றிய படம். ஒவ்வொரு இடத்திலும் அவசரமாகச் சுற்றி எடுத்த ரீல். சில இடங்களில் ஒட்டின் மேல் ஒட்டு. மிஸ் டோரதி வந்து என் தோளுக்கு மேலாகப் பார்ப்பார். பிடிக்காத ஒட்டை ஒன்றும் சொல்லாமல் பிரித்துப் போடுவார். நான் திரும்பச் செய்வேன்.

எல்லாம் முடிந்ததும் அங்கேயே சுவரில் போட்டுப் பார்த்தோம். அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. துறைமுகக் காட்சி வந்ததும் என் சிரிப்பு நின்றது. கப்பலின் ஏணியைத் தூக்கப் போகிறார்கள். அந்தப் பெண் மேல்தளத்தில் நிற்கிறாள். அவள் இறங்கவில்லை. படக்காரன்தான் வாத்தோடு ஏணியில் ஏறி ஓடுகிறான். கப்பல் அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

வேலாயுதம் சொன்ன முடிவு இல்லை.

மூன்றாம் தடவை கச்சால் கரையில் இறங்கியபோது வேலாயுதம் தண்ணீரில் நின்று பெட்டிகளை வாங்கினார். தகர டப்பாக்களைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மணலில் ஒதுக்கமாகக் கூட்டிப்போய் சொன்னேன்: "அவ எறங்கல அண்ணே. அவன்தான் ஏறுறான். கடைசில ரெண்டு பேரும் சேந்துட்டாங்க. ஆனா நீங்க சொன்ன மாதிரி இல்ல. ரீல் முழுசா இருக்கு, முழுசாத்தான் ஓட்டுவேன்."

அவர் கொஞ்ச நேரம் பெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். சரி தம்பி என்றார். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

பொழுது சாய்ந்ததும் காட்சி. முன்னால் தோட்டமே உட்கார்ந்திருந்தது. வேலாயுதமும் செல்லம்மாவும் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். தத்தா சாஹிப் யாரும் அந்தப் பக்கம் போய் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னேன். வாத்து முதன்முதலில் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, திரும்பிப் பார்த்து, மறுபடி தாண்டியபோது எழுந்த சிரிப்பில் ஜெனரேட்டர் சத்தம் கேட்கவில்லை. என் ஒட்டுகள் ஒவ்வொன்றாகக் கேட்டைக் கடந்து போயின. ஒவ்வொன்றின் சத்தமும் எனக்குத் தெரியும்.

கடைசி ரீலுக்கு மாற்றும்போது விளக்கை அணைத்தேன். ரீல் மாற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ரீலுக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஏணியில் அவன் கால் வைத்ததும் மைதானமே எழுந்து நின்று அவனை ஏறச் சொன்னது.

காட்சி முடிந்து கூட்டம் கலையும்போது திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். புல் அமுங்கியிருந்தது. யாரும் இல்லை.

காலையில் பனியில் நனைந்த திரையை வெயிலில் விரித்துக் காயவைத்தேன். மடிக்கும் நேரத்துக்குச் செல்லம்மா வந்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் எதிரெதிரே நின்று உதறினோம். எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் பேச ஆரம்பித்தார்.

"அந்த முடிவு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. பீலில இவரு சொன்ன அன்னிக்கே தொரசாணிகிட்ட கேட்டேன். பொண்ணு எறங்கல, அவன்தான் ஏறினான்னு சொன்னாங்க."

அவர் சொன்னது பொய் என்று தெரிந்துமா சம்மதித்தீர்கள் என்று கேட்டேன்.

"பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சொல்லும்போதே காதெல்லாம் செவந்து போச்சு. குடத்துல தண்ணி வழியுது, அது கூடத் தெரியல. அதப் பாத்துட்டுத்தான் மாமாகிட்ட போயி முடியாதுன்னேன்."

திரையை இரண்டாக மடித்தோம். என்னை நோக்கி நடந்து வந்து முனையைக் கொடுத்துவிட்டு, மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போனார்.

அப்படியானால் எங்களை எதற்கு இந்தப் படத்தைத் தேடச் சொன்னீர்கள் என்றேன்.

ஒவ்வொரு கஷ்டம் வரும்போதும் வேலாயுதம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பிப்பாராம். முதல் குழந்தை நிற்காமல் போனபோது ஆரம்பித்தார். இலங்கையைவிட்டுப் போகச் சொல்லிக் காகிதம் வந்தபோது ஆரம்பித்தார். இங்கே வந்து முதல் மழையில் கூரை ஒழுகியபோது ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொள்வார். எனக்குத் தெரியும் என்று செல்லம்மாவாகச் சொன்னால், இத்தனை வருஷம் தெரிந்தே இருந்திருக்கிறாளே என்று அந்த மனிதர் கூசிப்போவார். படமே வந்து சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்தாராம்.

"நேத்து நீங்க கடைசி ரீல் மாத்துனீங்கல்ல, இருட்டா இருந்துச்சே. அப்பச் சொல்லிட்டாரு. படம் வர்றதுக்கு முன்னாடியே அவரே சொல்லிட்டாரு தம்பி."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பேசாம படத்தப் பாருங்கன்னேன்."

திரை மடிந்து என் கையில் கனமாக வந்து சேர்ந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு அவர் ரப்பர் மரங்களுக்குள் போனார். மத்தியானம் படகு புறப்படும்வரை தத்தா சாஹிப்பிடம் நான் இதைச் சொல்லவில்லை.

படகு கரையைவிட்டு நகர்ந்தபோது, பெட்டி தூக்க வந்த ஆட்களுக்கு நடுவே வேலாயுதம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மணலில் குச்சியால் ஒரு நீளக் கோடு கிழித்திருந்தார். இரண்டு கைகளையும் இடுப்பில் மடக்கிக்கொண்டு, பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி, அந்தக் கோட்டைத் தாண்டி நடந்து காட்டினார். ஆட்கள் கைதட்டினார்கள். மறுபடி தாண்டினார். வேலை முடித்து வந்திருந்த செல்லம்மா ஒரு தென்னையில் சாய்ந்தபடி, கையால் வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த நிக்கோபாரி ஆள் அதைப் பார்த்துவிட்டு, அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார்.

நேற்று ஒரு படம் பார்த்தார் என்றேன்.